தமிழ்ப் பாட்டில் பெண்ணழகு: வாசிக்கும் பெண் எங்கே நிற்பது?

கேள்வி இது: "எனக்கு இலக்கியம் வாசிக்கப் பிடிக்கும். ஆனால் எந்த நூலைத் திறந்தாலும் மதிமுகம், மீன்விழி, மின்னலிடை. நான் கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் 'நிறம் கொஞ்சம் கம்மி' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த வர்ணனைகளைப் படிக்கும்போது அதே கண்கள் என்னை அளப்பது போல இருக்கிறது. ஒரு பெண் தன்னை விட்டுக்கொடுக்காமல் தமிழ் இலக்கியத்தை ரசிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். பெண்ணின் அழகைச் சொல்லும் பாட்டு எதிரே வந்தால், உவமையைப் பார்க்கும் முன் "இதை யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள்" என்று பாருங்கள். அகப்பாடல்களுக்குக் கூற்று வகுத்து வைத்த மரபு நம்முடையது. தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று என்று ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எழுதியிருப்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு பெண் வாசகிக்கு அந்த ஒரு வரிதான் திறவுகோல். தன் அழகைப் பற்றிப் பெண்ணே பேசும் பாட்டும், அவளைப் பார்த்து இன்னொருவர் பேசும் பாட்டும் ஒரே உவமையைச் சொன்னாலும் வேறு வேறு பாட்டுகள்.

உங்களை வருத்திய நிறத்திலிருந்தே தொடங்குவோம். சங்கப் பாட்டின் தலைவிக்குரிய நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சித்திரை வெயிலில் புதிதாய்த் துளிர்த்த மாங்கொழுந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: செம்பும் கருமையும் கலந்து, மேலே எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. அதுதான் அந்தக் காலத்துக் கவிஞர்கள் கொண்டாடிய மேனி. தலைவனைப் பிரிந்த துயரத்தில் அந்த நிறம் வெளிறி மஞ்சள் பூத்தால் அதற்குப் பசலை என்று பெயர். பசலை ஒரு நோய். அது வந்துவிட்டதே என்று தோழி கலங்குகிறாள், தாய் சந்தேகப்படுகிறாள், ஊர் பேசுகிறது.

குறுந்தொகையின் 98-ஆம் பாட்டில் தலைவி ஒரு யோசனை சொல்கிறாள். நம் தோட்டத்துப் புதரில் மழைக்குப் பூத்திருக்கிறதே பீர்க்கம்பூ, அதில் சிலவற்றை எடுத்துக்கொண்டு யாராவது அவரிடம் போய் "அவள் இப்படி ஆகிவிட்டாள்" என்று காட்டினால் நல்லது என்கிறாள். கடிதம் வேண்டாம், ஒரு பிடி மஞ்சள் பூ போதும். 399-ஆம் பாட்டில் பரணர், ஊரார் நீர் எடுக்கும் துறையின் பாசியைப் பசலைக்கு உவமையாக்குகிறார். காதலன் தொட்ட இடத்திலெல்லாம் விலகுகிறது, விட்ட இடத்திலெல்லாம் பரவுகிறது. மேனி வெளுப்பதை ஒரு கேடாகப் பாடிய மொழி இது. அதைப் பேசும் நாட்டில்தான் 1975 முதல் ஃபேர் அண்ட் லவ்லி விற்றது. 2020-இல்தான் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சங்க காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்ல வரவில்லை, இருந்தது. ஆனால் வெள்ளைத்தோலே அழகு என்பது "நம் பண்பாடு" என்று எவராவது சொன்னால், நம் மிகப் பழைய பாட்டு அதற்குச் சாட்சி சொல்ல வராது.

அடுத்து ஒரு பாட்டை முழுதாகவே வாசியுங்கள். குறுந்தொகை 27, எழுதியவர் வெள்ளிவீதியார்.

"கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்ஆன் தீம்பால் நிலத்துஉக் காஅங்கு
எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது
பசலை உணீஇயர் வேண்டும்
திதலை அல்குல்என் மாமைக் கவினே"

நல்ல பசுவின் இனிய பால், கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் தரையில் சிந்திப் போவது போல, என் மாமை அழகு எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறது. இதில் 'எனக்கும்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தலைவனுக்கு முன்னால் நிற்கிறது. அழகு முதலில் அவளுக்கே ஆக வேண்டியது. அவனுக்கு உதவுவது அடுத்தபடி. அந்த அழகு வீணாகிறதே என்ற ஆற்றாமை முழுக்க அவளுடையது. உவமையும் அவள் புழங்கும் இடத்திலிருந்தே வருகிறது. பால் கறந்தவளுக்குத்தான் சிந்திய பாலின் வலி தெரியும். உங்களைக் கூசவைக்கும் சொற்கள் இந்தப் பாட்டிலும் இருக்கின்றன: இடைக்குக் கீழுள்ள பகுதியைச் சொல்லும் அல்குல், திதலை என்னும் தேமல், மேனியின் நிறம். ஆனால் சொல்கிறவள் அவளே என்பதால் அங்கே அளக்கும் கண் இல்லை. அவள் தன் உடம்பைப் பற்றித் தானே கணக்குப் பார்க்கிறாள்.

திருக்குறளிலும் இந்த வேறுபாட்டை அதிகாரம் அதிகாரமாகப் பார்க்கலாம். 112-ஆம் அதிகாரம் 'நலம்புனைந்துரைத்தல்' பத்தும் ஆணின் குரல். அனிச்சப்பூவைக் காம்பு கிள்ளாமல் சூடிவிட்டாளே, இடை தாங்குமா என்கிற மிகைகள் அங்கேதான் வரும். 119-ஆம் அதிகாரம் 'பசப்புறுபருவரல்' பத்தும் பெண்ணின் குரல். "சாயலும் நாணும் அவர்கொண்டார் கைம்மாறா நோயும் பசலையும் தந்து" என்று, போனது என்ன வந்தது என்ன என்று கொடுக்கல் வாங்கல் போலப் பேசுகிறாள். ஒரே மாலையில் இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். ஒன்று சுவையானது, மற்றது உண்மையானது என்பது என் தீர்ப்பு.

சிலப்பதிகாரத்தை இப்படி வாசித்தால் இன்னும் ஆழமாக இறங்கும். மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் புகழ்கிறான்: "மாசறு பொன்னே வலம்புரி முத்தே, காசறு விரையே கரும்பே தேனே." மேடையில் யாரும் சொல்லத் தயங்காத வரிகள். அந்தக் காதை முழுவதும் கண்ணகி ஒரு சொல் பதில் பேசவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. பொன், முத்து, மணி என்று அடுக்குகிறவன், அடுத்த காதையிலேயே மாதவியின் மாலையை விலைகொடுத்து வாங்கிப் போய்விடுகிறான். அவன் பாராட்டிய அழகு அவளுக்கு எந்தக் காப்பும் தரவில்லை.

அதே கண்ணகி மதுரையில் பாண்டியன் அவையில் நிற்கும் கோலத்தை வழக்குரை காதையின் இறுதி வெண்பா ஒன்று சொல்கிறது. "மெய்யில் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்." உடம்பெல்லாம் புழுதி, முடியாத கூந்தல், ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். அந்தக் கோலத்தைக் கண்ட அளவிலேயே அரசன் தோற்றான், அவள் சொல் காதில் விழுந்த அளவிலேயே உயிரும் தோற்றான். வெண்பா அந்த இடத்தில் அவளைக் 'காரிகை' என்றே அழைக்கிறது; அழகி என்று பொருள். புழுதி படிந்த, தலைவிரிகோலமான பெண்ணை அழகி என்று சொல்ல ஒரு காப்பியம் துணிந்தது. முதற்காட்சியில் பேசாதவள் இந்தக் காட்சியில் பேசுகிறாள். வாசிக்கும் பெண் நிற்க வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் என்று நினைக்கிறேன். கோவலனின் வரிகளை ரசியுங்கள், இசை நல்ல இசை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

தலை முதல் கால் வரை வர்ணிப்பதற்குக் கேசாதிபாதம் என்று பெயர். இதுதான் உங்களை அதிகம் சலிக்க வைத்திருக்கும். அதன் பழைய வடிவம் ஒன்று சங்க நூலான பொருநராற்றுப்படையில் இருக்கிறது, முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடியது. பாணர் கூட்டத்துப் பாடினி ஒருத்தி அங்கே வர்ணிக்கப்படுகிறாள். ஆற்றின் கருமணல் போன்ற கூந்தல், பிறை போன்ற நெற்றி, வில் போன்ற புருவம் என்று வழக்கமான வரிசையில்தான் தொடங்குகிறது. பாதத்துக்கு வந்ததும் பாருங்கள்: ஓடிக் களைத்த நாயின் நாவைப் போன்ற சிறிய அடி. அதோடும் விடவில்லை. அரக்கை உருக்கியது போன்ற செம்மண் நிலத்தில் நடந்து நடந்து, பரல்கற்கள் உறுத்திக் கொப்புளம் போட்டிருக்கிறது; அந்தக் கொப்புளம் மரல் செடியின் பழம் போல நீர் கோத்திருக்கிறது என்கிறார். அழகு வர்ணனையின் முடிவில் வழிநடையின் புண். பிழைப்புக்காக ஊர் ஊராக நடக்கும் கலைக்குடிப் பெண்ணின் கால் அது. அந்தக் கொப்புளத்தைக் கவிஞர் மறைக்கவில்லை, வர்ணனைக்கு வெளியேயும் வைக்கவில்லை. இந்த ஓர் இடத்துக்காகவே கேசாதிபாதம் என்ற வகையை என்னால் வெறுக்க முடியவில்லை.

பிற்காலத்தில் இந்த வகை தேய்ந்தது. உலா நூல்களில் ஊர்வலம் வரும் தலைவனைக் கண்டு பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்கள் மயங்குவார்கள். இத்தகைய நூல்வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களின் கணக்குப்படி பேதைக்கு வயது 5 முதல் 7, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. குழந்தையும் பட்டியலில் உண்டு, 40 தாண்டியவள் இல்லை. சொல்லழகுக்காக அவற்றைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். சலித்தால் நீங்கள் தாண்டிப் போகலாம், இலக்கியத்துக்கு எந்தத் துரோகமும் செய்ததாகாது.

அந்த நாற்பதைத் தாண்டிய பெண்களைப் பெண்களே பாடியிருக்கிறார்கள். புறநானூறு 278, காக்கைபாடினியார் நச்செள்ளையார்: "நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள் முளரி மருங்கின் முதியோள்." நரம்பு புடைத்து, வற்றிப்போன தோளோடு ஒரு கிழவி. மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொன்னதைக் கேட்டு, வாளோடு போர்க்களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும், பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அந்த வீரக்கதையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பாட்டின் நடுவே ஒரு முதிய உடம்பு, இரக்கம் கோராமல் நிமிர்ந்து நிற்கிறது.

அந்த 'நரம்பெழுந்து' இன்னொரு பெண்ணின் பாட்டில் மீண்டும் வருகிறது. "கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பல் குழிவயிற்றுப் பங்கி சிவந்து" என்று திருவாலங்காட்டுச் சுடுகாட்டின் பெண்பேயைப் பாடுகிறார் காரைக்காலம்மையார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமயிர். பெண்ணுக்கு மரபு எதையெல்லாம் அழகென்று அடுக்கியதோ, அந்த உறுப்புகளையே எடுத்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைக்கிறார். பாடலின் முடிவில் தன்னையே 'காரைக்கால் பேய்' என்று பெயரிட்டுக் கையெழுத்தும் போடுகிறார்.

அவர் கதையைப் பிற்காலத்தில் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழார் இதைத் துல்லியமாகப் பிடித்தார். புனிதவதி என்பது அம்மையாரின் இயற்பெயர். கணவன் பரமதத்தன், அவர் வேண்டியதும் இறைவன் அருளால் கைக்கு மாங்கனி வந்த அற்புதத்தைக் கண்டு அஞ்சி ஓடி, வேறு திருமணம் செய்து, கடைசியில் மனைவி மகளோடு வந்து புனிதவதியின் காலில் விழுகிறான். அப்போது அவர் இறைவனிடம் கேட்பது: "இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து" பேய் வடிவு வேண்டும். இவனுக்காகச் சுமந்த அழகு. அதுவரை பாரமாக இருந்ததை இறக்கி வைக்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆண், சோழர் அரசவையோடு தொடர்புடையவர், இந்த வரியை எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. சோழர்கால வார்ப்பாளர்களும் அவரை எலும்பும் நரம்புமாக, கையில் தாளத்தோடு செய்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு சிலை இருக்கிறது. தாளம் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் பாடும் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. படத்தைத் தேடிப் பாருங்கள்.

கம்பனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடவிட்ட படலத்தில் இராமன் அனுமனிடம் சீதையின் அங்க அடையாளங்களை நீளச் சொல்கிறான். அசோகவனத்தில் அனுமன் காண்பதோ "ஓவியம் புகையுண்டதே ஒக்கின்ற உருவாள்", புகை படிந்த ஓவியம் போன்றவள், கூந்தல் ஒற்றைச் சடையாகத் திரண்டவள். சொல்லப்பட்ட சீதையும் காணப்பட்ட சீதையும் ஒன்றல்ல. கம்பன் இரண்டையும் எழுதினான், பின்னது மேலான கவிதை.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி: பெண்ணின் வாசிப்பு. பெண் வாசிப்பதும், வாசித்ததைப் பற்றி வாய் திறப்பதும் எளிதாகக் கிடைத்தவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அவையில் இருந்த முத்துப்பழனி, ராதையின் பொறாமையையும் ஆசையையும் வைத்துத் தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' எழுதினார். அதை ஆசையோடு வாசித்த இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள், பழைய அச்சில் விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து 1910-இல் முழுதாகப் பதிப்பித்தார். ஒரு பெண் வாயிலிருந்து வரத் தகாத சொற்கள் இவை என்பது அந்த நூலைப் பற்றித் தெலுங்கு எழுத்தாளரும் சீர்திருத்தவாதியுமான வீரேசலிங்கம் முன்பே சொல்லியிருந்த குறை. நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911-இல் அரசு நூலைத் தடை செய்தது, சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது. ஆண் புலவர்கள் அதே உடம்பை அதே சொற்களால் எழுதியபோது வராத கூச்சம், பெண் எழுதி, இன்னொரு பெண் வாசித்துக் கொண்டாடியபோது வந்தது.

தமிழ் வீடுகளில் அப்போது வேறொரு வாசிப்பு நடந்தது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை எழுத்துத் தெரிந்த ஒருத்தி ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஆண்களை அண்டவிடாமல் மதுரையை ஆண்ட அல்லியின் கதை அடுப்பங்கரைகளில் அத்தனை பிரியமாக வாசிக்கப்பட்டதற்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை. 1901-இல் பிறந்த வை.மு. கோதைநாயகி, ஐந்து வயது கடந்ததும் மணமாகி வந்தவர். தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தோழி ஒருத்தியிடம் சொல்லி எழுத வைத்தார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். வாசகிகள் பெருகி ஒரு கூட்டமானது இத்தகைய இதழ்களால்தான். பிறகு தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து தெருவுக்குள் சுற்றவிட்ட தலைமுறை வந்தது. அந்தத் தொடர்களின் நாயகிகள் பலர் சந்தன நிறத்தவர்கள், உண்மைதான். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்ட அரைமணி நேரம் யாருக்கும் கடன்பட்டதில்லை.

உங்கள் காயத்துக்கு மிக நெருக்கமான கதையை எழுதியவர் அம்பை. 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில், பூப்படைந்த மகள், ஊருக்குப் போயிருக்கும் அம்மா வந்து ஒரு நல்ல சொல் சொல்வாள் என்று காத்திருக்கிறாள். அங்கே சித்தி பெண்ணைக் கறுப்பு என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடு வந்த அம்மா, மகளிடம் சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் ஏதோ செத்துப்போகிறது. அம்மாவைக் குற்றவாளியாக்கிவிட்டுக் கதை நகர்வதில்லை. அவள் வாய் வழியாகப் பேசியது யார் என்று கேட்க வைக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களை நினைத்துக்கொண்டு இந்தக் கதையை வாசியுங்கள், வலிக்கும், ஆனால் தனியாக இல்லை என்று தெரியும். துவரங்குறிச்சியில் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளிருந்து வாசித்தே கவிஞரான சல்மாவின் கவிதைகளும் உங்களுக்கானவை. பிரசவக் கோடுகள் விழுந்த வயிற்றைக் கணவன் அருவருக்கும் இரவைப் பற்றி அவர் எழுதியதை, வெள்ளிவீதியாரின் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். இருவருமே தம் உடம்பைப் பற்றித் தாமே பேசுகிறவர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். குறுந்தொகையிலிருந்து தொடங்குங்கள். நான்கு முதல் எட்டு வரிகளுக்குள் முடிந்துவிடும் பாட்டுகள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். 1937-இல் வந்த உ.வே. சாமிநாதையரின் உரைப்பதிப்பு இன்றும் மறுபதிப்பில் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்களை உரையோடு இலவசமாகவே படிக்கலாம். முதலில் பெண்பாற் புலவர்களை மட்டும் பொறுக்கி வாசியுங்கள்: ஔவையார், வெள்ளிவீதியார், நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார். கூடவே புறநானூற்றின் 89-ஆம் பாட்டு, ஔவையாருடையது. பகையரசன், ஆடிப் பாடும் கலைஞரான விறலியைப் பார்த்து, அணிகலன் பொலியும் இடையும் மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடையவளே என்று விளித்து, உன் நாட்டில் போரிட ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அவள் அந்த வர்ணனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள்: அடிக்கும் கோலுக்கு அஞ்சாமல் சீறும் பாம்பைப் போன்ற மறவர்கள் இருக்கிறார்கள், அதுமட்டுமா, மன்றத்தில் தொங்கும் தண்ணுமை என்னும் முழவில் காற்று மோதி ஒலி எழுந்தாலே 'போர் வந்தது' என்று எழுந்துவிடும் என் தலைவனும் இருக்கிறான்.